கண்ணாடிச் சுவருக்குள் யாரோடு யார்

கண்ணு, நாலடித் தொட்டி வாங்கிவிட்டாய், ஆப்பிரிக்கன் சிக்லிட் மீன் வளர்க்கப் போகிறாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. கொளத்தூரில் ஒரு கடையில் 'மிக்ஸ்' என்று ஒரு தொட்டி முழுக்க நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குஞ்சுகள் ஓடுகின்றன, அதில் இருபது முப்பது அள்ளிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அள்ளாதே. ஆனால் காரணம் சொல்லாத அறிவுரை ஒரு வாரம்கூட நிற்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீ பார்த்த கட்டைவிரல் அளவுக் குஞ்சுகளில் பெரும்பாலானவை மலாவி ஏரியின் வம்சம். மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஏரி அது. ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம், 550 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கரையோரத்தில் பாறைக் குவியல்கள், நடுவே மணல் வெளிகள், பிறகு மறுபடி பாறை. பாறையில் வாழும் மீன்களை அங்கே 'ம்பூனா' என்கிறார்கள். ஒரு குவியலில் இருக்கும் வகை அடுத்த குவியலில் இருக்காது. இடையில் கிடக்கும் மணல் வெளியைத் தாண்ட இந்த மீன்களுக்குத் துணிவில்லை. அப்படித் தனித்தனியாக வாழ்ந்து பிரிந்ததால்தான் ஒரே ஏரிக்குள் நூற்றுக்கணக்கான வகைகள்.

அந்தப் பாறையில் ஒவ்வோர் ஆணுக்கும் ஓர் எல்லை உண்டு. வேறோர் ஆண் உள்ளே வந்தால் துடுப்பை விரித்துக் காட்டும், பக்கவாட்டில் நின்று உடலை அதிரவைக்கும், பிறகு துரத்தும். தோற்றது பக்கத்துப் பாறைக்குப் போய்விடும். சண்டை அத்தோடு முடிந்தது. ஏரியில் அடிபட்டுச் செத்த மீன் அபூர்வம், ஏனென்றால் ஓட இடம் இருக்கிறது.

உன் தொட்டியில் அந்த இடம் இல்லை. தோற்ற மீன் நாலடி ஓடும், கண்ணாடியில் முட்டும், திரும்பும். ஜெயித்தது இன்னும் அங்கேயே நிற்கும். மறுநாளும் நிற்கும். யாரோடு யார் சேரும் என்ற கேள்விக்கு நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகிறது. சுவரைக் கட்டியது நீ. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உன்னுடையது. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யும்போதும், ஒரு வீட்டில் இரண்டு குடும்பத்தை ஒன்றாகக் குடிவைக்க நேரும்போதும் இந்தப் பொறுப்பு இதே அளவுக்கு உன்மேல் இருக்கும்.

முதலில் யார் யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். சிக்லிட் குஞ்சு காட்டும் நிறம் வேறு, அது வளர்ந்து காட்டப் போகும் நிறம் வேறு. கடையில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும் ஓர் அழகான குஞ்சு இருக்கும். ஆரட்டஸ். பெண் மீன் கடைசிவரை அந்த மஞ்சளோடு இருக்கும். ஆண் மட்டும் ஆதிக்கத்துக்கு வந்ததும் உடம்பு கறுத்து, கோடுகள் வெளிர்நீலமாகிவிடும். நிறம் மாறும் அதே நாட்களில் குணமும் மாறும். நாலடித் தொட்டியில் ஓர் ஆரட்டஸ் ஆண், மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். கென்யி இதற்கு நேர் எதிர். குஞ்சும் பெண்ணும் நீலத்தில் கருநீலப் பட்டை, வளர்ந்த ஆண் மஞ்சள். மலாவி ஏரியின் ம்பென்ஜி தீவைச் சேர்ந்தது. இதுவும் முரடு. நீல மீன் வேண்டுமென்று கென்யிக் குஞ்சு வாங்கியவர்கள் ஒரு வருடத்தில் மஞ்சள் ரவுடி ஒன்றைப் பார்த்துத் திகைப்பார்கள்.

சவுலோசி என்று ஒன்று உண்டு. பெண்ணும் குஞ்சும் பளிச்சென்ற மஞ்சள், ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை. ஒரே வகையை வாங்கினாலே தொட்டியில் இரண்டு நிறமும் கிடைத்துவிடும். ஏரியில் அது வாழும் இடம் ஒரு சின்னப் பாறைத் திட்டு மட்டுமே. வளர்ப்புக்காகப் பிடித்துப் பிடித்து அங்கே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஆகவே, வாங்கினால் பண்ணையில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்கு. இன்னோர் ஆப்பிரிக்க ஏரியான தங்கனீக்காவின் டுபாய்சி குஞ்சாக இருக்கும்போது கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அந்தப் புள்ளிகளுக்காகவே அதிக விலை கொடுப்பார்கள். வளர்ந்தபின் ஒரு புள்ளிகூட மிஞ்சாது. தலை நீலமாகி, உடம்பின் குறுக்கே ஒரு பட்டை வந்துவிடும்.

எனவே, கடைக்காரரிடம் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் இதன் பெயர் என்ன என்று கேள். பெயர் தெரிந்தால் வளர்ந்த மீனின் படத்தைத் தேடிப் பார்க்கலாம், எத்தனை அங்குலம் வரும் என்று பார்க்கலாம். 'மிக்ஸ்' என்று மட்டும் பதில் வந்தால் அந்தத் தொட்டியை ரசித்துவிட்டு நகர்ந்துவிடு. பிறகு மீனை நிதானமாகப் பார். கோடு நீளவாக்கிலா, பட்டை குறுக்கிலா? வாய் நேராக முன்னால் இருக்கிறதா, பாறையைச் சுரண்டத் தோதாகக் கீழ்நோக்கி இருக்கிறதா? உடம்பு உருண்டையா, வேட்டை மீனைப்போல நீண்டு வாய் அகன்றதா? முதுகுத் துடுப்பின் ஓரத்தில் என்ன நிறம்? நிறத்தைவிட இவை நிலையானவை. வாயின் அமைப்பைப் பார்த்தாலே அது என்ன சாப்பிடும் என்பது பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று. இந்த வகைகள் இயற்கையில் பிரிந்து வாழ்ந்தாலும் தொட்டியில் தன் இனத்துத் துணை கிடைக்காதபோது அடுத்த இனத்தோடு கலந்துவிடும். எல்லோ லேப், ரெட் ஸீப்ரா என்ற இரண்டு ம்பூனா வகைகளும் சேர்ந்து பிறந்த குஞ்சுகள் சந்தையில் ஏராளம். எல்லோ லேப் என்று தரும் மீனில் முதுகுத் துடுப்பின் ஓரத்தில் கறுப்பு சரியாக இல்லாமல், மஞ்சளில் ஆரஞ்சுச் சாயல் ஏறியிருந்தால் சந்தேகப்படு. கலப்பு மீன் வாழத் தகுதியில்லாதது என்று நான் சொல்லவில்லை. அதன் குணத்தையும் அளவையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுவருக்குள் ஒருவரைச் சேர்ப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்தது தண்ணீர். மலாவித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பி.எச். எட்டை ஒட்டி. தங்கனீக்காவில் இன்னும் அதிகம், ஒன்பதை ஒட்டி. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். துணி துவைக்க நுரை வராத அந்தத் தண்ணீர் இந்த மீன்களுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. 'சுத்தமான தண்ணி' என்று ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிடாதே, அதில் அவற்றுக்கு வேண்டிய உப்புகளே இருக்காது. குழாயில் வரும் தண்ணீரானால் குளோரினைப் போக்கிவிட்டு ஊற்று. பி.எச். குறைவாக இருந்தால் பில்டருக்குள் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் போட்டால் போதும். யாராவது பவளத் துண்டு தருகிறேன் என்றால் வாங்காதே. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் அது உயிரோடு இருக்கட்டும்.

காரத் தண்ணீரில் ஓர் ஆபத்தும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, பி.எச். ஏற ஏற அதிக விஷமாகிறது. கோல்டு ஃபிஷ் தொட்டியில் சமாளிக்கக்கூடிய அழுக்கு இங்கே ஆளைச் சாய்த்துவிடும். பில்டர் பெரிதாக இருக்கட்டும், வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. மே மாதத்தில் தண்ணீர் சூடேறும்போது அதில் பிராணவாயு குறைந்துவிடும். அப்போது ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும்.

சாப்பாட்டில் பொருத்தம் பார்ப்பது குணப் பொருத்தத்தைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ம்பூனாக்களில் பெரும்பாலானவை பாறைமேல் படர்ந்த பாசியையும் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்களையும் நாள் முழுக்கக் கொறிப்பவை. குடல் நீளமானது. அவற்றுக்குக் கொழுத்த இறைச்சித் தீனி போட்டால், பெரும்பாலும் வயிறு உப்பும் நோயில் கொண்டுபோய் விடும். முதலில் தீனியை வாயில் வாங்கித் துப்பும். பிறகு வெள்ளை நூல்போலக் கழிவு வரும். மூலையில் ஒதுங்கி வேகமாகச் செவுளடிக்கும். வயிறு தெரியும்படி வீங்கிவிட்டால் காப்பாற்றுவது கடினம். மறுபக்கம், வீனஸ்டஸ், லிவிங்ஸ்டோனி போன்றவை மீன் தின்னும் வேட்டைக்காரர்கள். லிவிங்ஸ்டோனி மணலில் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலக் கிடக்கும். கொறிக்கலாம் என்று சின்ன மீன் அருகில் வந்தால் சட்டென்று வாயில் போட்டுக்கொள்ளும். இரண்டு அங்குலத்தில் வாங்கும்போது அழகான திட்டுகளோடு சாதுவாக இருக்கும், ஒரு சாண் தாண்டி வளரும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றுக்குப் போடும் சாப்பாடு மற்றதைக் கொல்லும். இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்தும் ஒரு பந்தியில் உட்கார முடியாத நிலை வாழ்க்கையில் உண்டு. அதில் யார்மேலும் குற்றமில்லை என்பதைச் சீக்கிரம் புரிந்துகொள்பவர்களுக்கு மனக்கசப்பு இல்லை.

இப்போது பீகாக் பற்றிச் சொல்ல வேண்டும். நீயும் அதைக் குறித்து எழுதியிருந்தாய், படம் பார்த்தே மயங்கியிருக்கிறாய். மயங்க வேண்டிய மீன்தான். ஆண் முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக மின்னும். பெண் சாம்பல் நிறம். மணலுக்கு ஒரு விரல்கடை உயரத்தில் அசையாமல் நிற்கும். தாடைக்கடியில் இருக்கும் துளைகளால் மணலுக்குள் நெளியும் பூச்சியின் அசைவை உணர்ந்து சட்டென்று வாயைப் புதைத்து எடுக்கும். அமைதியான மீன். அதை ம்பூனாக் கூட்டத்தில் விட்டால் என்ன நடக்கும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடிபட்டு விழவில்லை. செதில்கூட உதிரவில்லை. முதல் நாள் துடுப்பு ஒடுங்கியது. சில நாளில் முகத்தின் நீலம் போய் ஈயநிறமானது. பிறகு உடம்பில் வெளிறிய பட்டைகள் தெரிந்தன, பெண் மீனா ஆணா என்று சொல்ல முடியாத அளவுக்கு. தீனி போட்டால், மற்றவை தின்று முடித்தபின் அடியில் விழுந்ததை மட்டும் பொறுக்கியது. அதைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். சாம்பலுக்குள்ளிருந்து நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கண்ணு, இதை உனக்கு அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பார்க்கும் இடமெல்லாம் ரத்தம் தெரிந்தால்தான் கொடுமை என்று நினைக்காதே. நிறம் மங்குவதும் கொடுமைதான். உன் அலுவலகத்தில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தால், அவளுக்கு எதுவும் தெரியாது என்று முடிவு செய்யாதே. யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார். உனக்கே அப்படி நிறம் மங்கும் காலம் வந்தால், குறை உன்னிடம்தான் என்று உடனே நம்பிவிடாதே. அதேபோல ஆரட்டஸையும் கெட்ட மீன் என்று சொல்லாதே. அது பெரிய ஏரிக்குப் பொருந்திய குணம். உன் நாலடிக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான்.

சரி, எதை வாங்குவது? நாலடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி என்றால் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். உன் முதல் தொட்டிக்கு மூன்றே வகை சொல்கிறேன். எல்லோ லேப், ரஸ்டி, ஏஸி. எல்லோ லேப் பெயருக்கேற்ற மஞ்சள், முதுகுத் துடுப்பில் கறுப்புக் கரை. ரஸ்டி ஊதாவும் துருவும் கலந்த நிறம், சின்னதாகவே நிற்கும், சாந்தமான மீன். பகட்டான நிறம் இல்லாததால் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விளக்கு பக்கவாட்டில் விழும்போது அதன் ஊதாவைப் பார், அப்புறம் சொல். ஏஸி நீல உடம்பு, மஞ்சள் வால், மூன்றிலும் பெரியது இதுதான். ஏரியில் தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கட்டைகளில் பாசி மேய்வது, தொட்டியில் மேல் பாதியில் கூட்டமாக நீந்தும். மூன்றும் பச்சைத் தீனி ஏற்கும், ஒரே தண்ணீர், மூன்றும் முரடில்லை. முக்கியமாக ஒன்றன் நிறமும் வடிவும் மற்றதுபோல் இல்லை. சிக்லிட் ஆண் தன்னைப் போலவே இருப்பதைத்தான் அதிகமாகத் துரத்தும். நீலப் பட்டைக்கு நீலப் பட்டை போட்டி. டெமசோனி என்ற ம்பூனாவையும் சவுலோசி ஆணையும் ஒன்றாக வைக்காதே என்பது இதனால்தான்.

வகைக்கு ஆறு ஏழு வாங்கு, எல்லாவற்றையும் கூடிய வரை ஒரே அளவில், ஒரே நேரத்தில் விடு. முன்னால் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வந்ததற்கு நிம்மதி இல்லை. வளர்ந்தபின் ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கும்படி மிஞ்சிய ஆண்களைக் கடையிலோ நண்பர்களிடமோ கொடுத்துவிடு. இரண்டே மீன் வைத்தால் அமைதி என்று தோன்றும். இந்த மீன்களில் அது நடப்பதில்லை. துரத்தும் மீனின் முழுக் கவனமும் ஒன்றன்மேல் விழும். கூட்டமாக இருந்தால் அந்தக் கோபம் பலபேர்மேல் பிரிந்து யாரையும் சாய்க்காமல் போகும். டெமசோனி போன்றவற்றைப் பன்னிரண்டுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால். கூட்டம் கூடினால் அழுக்கும் கூடும், அதனால்தான் மறுபடி மறுபடி பில்டர் என்கிறேன்.

பாறை அடுக்கும்போது ஒரு கவனம். கற்களை முதலில் கண்ணாடித் தரைமேல் ஒரு தெர்மாகோல் பலகை வைத்து அதன்மேல் அடுக்கு, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டு. மணல்மேல் கல்லை வைத்தால் மீன்கள் அடியில் தோண்டித் தோண்டி ஒரு நாள் கல் சரியும். மீனும் நசுங்கும், கண்ணாடியும் உடையும். இரண்டு மூன்று தனிக் குவியலாக, ஒரு மூலையிலிருந்து பார்த்தால் அடுத்த மூலை தெரியாதபடி அடுக்கு. கண்ணில் படாததைத் துரத்த மாட்டார்கள். நீ மாடியில் வாடகைக்கு இருக்கிறாய். தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோ, கல்லும் மணலும் தனி. சுவரை ஒட்டி, உறுதியான ஸ்டாண்டில் வை, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

தொட்டி ஒழுங்காக அமைந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? ஒரு நாள் ரஸ்டி பெண் ஒன்று தீனிக்கு வராது. தாடைக்கு அடியில் தொண்டை பைபோலத் தொங்கும், வாய் முழுசாக மூடாது, உள்ளே எதையோ புரட்டிப் புரட்டி மெல்வதுபோல அசைக்கும். முட்டைகள். மணலில் முட்டையிட்டு உடனே திரும்பி வாயில் எடுத்துக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டைபோலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதையும் முட்டை என்று எடுக்கப்போகும்போது வாய்க்குள்ளேயே முட்டைகள் கருவுறும். அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வாரம் சாப்பாடில்லை. பயந்தால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். அந்த மூன்று வாரத்தையும் உன் தொட்டியில் ஒரு பெண் மீன் நிம்மதியாகக் கடந்தால், நீ சேர்த்த கூட்டம் சரியான கூட்டம். அப்போது வலை போட்டுத் துழாவாதே, கல்லை நகர்த்தாதே. பாறை இடுக்கில் ஒன்றிரண்டு குஞ்சுகள் தாமாகவே தப்பி வளரும்.

பெருகிப்போனால் ஏரியிலோ குளத்திலோ விடும் எண்ணம் மட்டும் வரவே கூடாது. விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். முப்பது வருடத்தில் அது பெருகி, தண்ணீரும் மாசுபட்டு, அந்த ஏரிக்கே உரிய சிக்லிட்களில் இருநூறு அளவிலான வகைகள் மறைந்துபோனதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். நம் ஊர்க் கண்மாயில் பிடிக்கிறார்களே ஜிலேபிக் கெண்டை, அதுவும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத குளமில்லை, அது வந்தபின் ஒதுங்கிப்போன நம் மீன்களைப் பற்றி வலை வீசுகிற முதியவர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

இந்த வாரம் மீன் வாங்கப் போக வேண்டாம். மணல், கல், தண்ணீர், பில்டர் எல்லாம் போட்டு ஓடவிடு. யாராவது பழைய தொட்டிக்காரரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்த பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உன் பில்டருக்குள் வை, கழிவை உடைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கும். அவற்றுக்கு இரையாகத் தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வா. பரிசோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட ஐந்தாறு வாரம் ஆகலாம். அதற்குள் மூன்று வகைக்கும் பெயரையும் வளர்ந்த படத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள். பூஜ்யம் காட்டிய அன்று எனக்குப் போன் செய், நானும் உன்கூட கொளத்தூர் வருகிறேன்.